அக்கா அரித்த மண்

இந்த மலர் அக்காவின் முப்பத்தோராம் நாளிலேயே உங்கள் கைகளுக்கு வந்திருக்க வேண்டும். அந்தியேட்டிக்கு வந்த பலர், சாப்பாடு முடிந்து புறப்படும்போது, "நினைவு மலர் அடிக்கேல்லையோ?" என்று கேட்டீர்கள். அச்சகத்தில் தாமதம் என்று சொன்னேன். அது பொய். அச்சகத்தார் சொன்ன நேரத்துக்கு வேலையை முடித்து, பிழைதிருத்தும் பிரதியையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான்தான் நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்பதை முதலாம் வருடம் முடியும் இந்த ஆட்டைத் திவசத்திலும் சொல்லாமல் விட்டால் பிறகு எக்காலமும் சொல்லமாட்டேன்.

எங்கள் பெரியப்பாவின் மூத்த மகன் பெரியண்ணா இப்போது நான் எழுதியதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மலரில உதுகள் எழுதிறதில்லை தம்பி. செத்தவவைப் பற்றி நாலு நல்லது எழுது. உன்ர கதை எதுக்கு?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கதையை விட்டுவிட்டு அக்காவின் கதையை முடிக்க எனக்குத் தெரியவில்லை. பெரியண்ணா என்னை மன்னிக்க வேண்டும்.

அக்கா கொட்டாஞ்சேனையில், இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில், எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஒன்பது வருடம் கழித்து நான் பிறந்தேன். இடையில் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனாலோ என்னவோ, என்னை வளர்ப்பது அம்மாவின் வேலையல்ல, தன்னுடைய வேலை என்று அக்கா சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டார். அப்பா வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பின்னால் சிறு வளவுள்ள வீட்டை வாங்கியபோது நான் அக்காவின் இடுப்பில் இருந்தேன். படித்து முடித்ததும் அக்கா கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, இளைப்பாறும் வரை அதே மேசையில் வேலை செய்தார்.

எண்பத்துமூன்று கலவரத்தின் அந்த ஆடி மாதத்தில் எங்கள் வீடும் எரிந்தது. அதைப்பற்றி நான் விளக்கத் தேவையில்லை. இதை வாசிக்கும் பலர் அப்போது முகாமில் எங்களோடு ஒரே நிலத்தில் படுத்தவர்கள். இரண்டு வருடம் ஊரில் இருந்துவிட்டு, அக்காவின் வேலைக்காகவும் என் படிப்புக்காகவும் திரும்பி வந்தோம். சுவர்கள் நின்றன. கூரை போட்டோம். உள்ளே கிடந்த கரி, உருகிய கண்ணாடி, ஆணி, ஓட்டுத்துண்டு எல்லாவற்றையும் கூலிக்கு வந்தவர்கள் பின்வளவில் தள்ளி, மேலே கடல்மணலைப் பரப்பிவிட்டுப் போனார்கள். அப்பா அந்தப் பின்கதவைத் திறக்கவே இல்லை. அடுத்த வருடம் அவரும் போய்விட்டார்.

அம்மாவுக்கு வளவில் ஒரு கறிவேப்பிலை மரமாவது வேண்டும் என்று ஆசை. மூன்று கன்று வைத்தோம். மூன்றும் கருகின. மூன்றாவது கன்றைப் பிடுங்கிப் பார்த்த அக்கா, வேரோடு ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டிக்கொண்டு வந்ததைக் கண்டார். அங்கேயே குந்தியிருந்து கையால் கிளறினார். சாண் ஆழத்துக்குள் எங்கள் வீடு முழுவதும் கிடந்தது. அம்மாவின் தையல் மெஷின் சில்லு, அப்பாவின் மேசை விளக்கு, சாமிப்படங்களின் கண்ணாடி. "உதை மூடிவிடு பிள்ளை" என்று அம்மா அழுதார். அக்கா மூடவில்லை.

மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணை அரிக்கத் தொடங்கினார். அகப்பட்ட கண்ணாடியை வெறும் ஜாம் போத்தல்களில் போட்டுக் குசினி யன்னலில் வைத்தார். அரித்தபின் எஞ்சியது வெறும் மணல். தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய வேகத்திலேயே கீழே போய்விடும். அதற்கு உடம்பு வைக்க வேண்டும் என்று அக்கா சொல்வார். மணலுக்கு உடம்பு வைக்கக் குப்பையைத் தவிர வேறு மருந்து இல்லை என்று எங்கேயோ வாசித்துவிட்டு, மதிலோரம் ஒரு குவியல் தொடங்கினார். அதன்பின் அக்காவின் சீவியம் அந்தக் குவியலைச் சுற்றியே நடந்தது.

ஒழுங்கை முகப்பில் மரக்கறிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நாநா கழித்த இலைகளை அக்காவுக்காக ஒதுக்கி வைப்பார். "மிஸ், இன்டெக்கு கோவா எலெ ரெண்டு சாக்கு ஈக்கி. எடுக்கிறீங்களா?" என்று கூப்பிடுவார். அலுவலகச் சேலையோடு அக்கா சாக்கை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். அடுத்த வீட்டு ஈரப்பலா மரத்தின் சருகு, எங்கள் அடுப்படித் தோல், தேங்காய்த் தும்புத் தூள், கோயில் மாட்டுச் சாணம் எல்லாம் அடுக்கடுக்காக அதில் போகும். மீன் கழிவு போடமாட்டார், எலி வரும் என்று. பத்து நாளைக்கு ஒருமுறை புரட்டிவிடுவார். ஒரு பிடி எடுத்துப் பிழிவார். தண்ணீர் சொட்டினால் சருகு சேர்ப்பார், உதிர்ந்து போனால் தண்ணீர் தெளிப்பார். குவியலின் நடுவில் வெறுங்கையை முழங்கை வரை விட்டு, கை பொறுக்கிற சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். கையுறை வாங்கிக் கொடுத்தேன். "உதைப் போட்டால் எனக்கு ஒண்டும் விளங்காது" என்று அலுமாரியில் வைத்துவிட்டார்.

ஒழுங்கையில் அவருக்குக் குப்பை மிஸ் என்று பெயர். அவருக்கும் அது தெரியும். மரக்கறித் தோலோடு பொலித்தீன் கலந்து கொடுத்தால், அந்தப் பொலித்தீனை மட்டும் கழுவி மடித்து, கொடுத்தவர்களின் கேற்றில் செருகிவிட்டு வருவார். அவர் சாந்தமானவர் என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். கல்யாணம் பேசி வந்தவர்களை, அம்மாவுக்கு வருத்தம், தம்பிக்குப் படிப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். "ஒருத்தனையும் கட்டேல்லை. குப்பையைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள்" என்று அம்மா கடைசிவரை முறையிட்டார். நானும் அம்மாவோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். படித்து, வேலை எடுத்து, கல்யாணமாகிக் கொட்டாஞ்சேனைக்குப் போனவன் நான். அக்கா அந்த மண்ணோடு நின்றார்.

கறிவேப்பிலை பிடிக்க நாலு வருடம் ஆனது. பிறகு வல்லாரை, பசளி, பயற்றை, அகத்தி. மணல் மெல்ல மெல்லக் கறுத்தது. மழைக்குப் பிறகு அள்ளினால் கையில் ஒட்டாமல் பொலபொலவென்று நிற்கும், மண்புழு நெளியும். யன்னலில் ஐந்து போத்தல் நிறைந்தது. ஆறாவது போத்தல் பாதியில் நின்றுபோனது. அதற்குப் பிறகு எத்தனை வருடம் கிளறினாலும் ஒரு கண்ணாடித் துண்டுகூட வரவில்லை. ஆறாவது போத்தல் பாதியோடு நின்றதை அக்கா ஒரு நாள் எனக்குக் காட்டி, "முடிஞ்சுது தம்பி" என்றார். அவருக்குக் கண் கலங்கி நான் கண்டது இரண்டே தரம். அம்மாவின் செத்தவீட்டில் ஒரு தரம், அன்றைக்கு ஒரு தரம். இந்தப் போத்தல் கதையை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை.

வீட்டை விற்கச் சொன்னது நான். இரண்டு பக்கமும் தொடர்மாடி எழும்பி, வளவில் வெயில் விழுவது குறைந்திருந்தது. அக்காவுக்குச் சீனி வருத்தமும் முற்றி, காலில் உணர்ச்சி மங்கியிருந்தது. தனியே இருக்க வேண்டாம் என்றேன். ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டுச் சம்மதித்தார். ஹெவ்லொக் டவுனில், நிலமாடியில், பின்னால் சீமெந்துக் கட்டு போட்ட ஒரு துண்டு நிலத்தோடு ஒரு வீடு எடுத்தோம். அந்தக் கட்டுக்குள் கட்டட இடிபாடுதான் கிடந்தது.

அக்கா கேட்டது ஒன்றுதான். "எனக்கு அந்த மண் வேணும். மேல் மண் மட்டும் காணும்." நாநா கடையில் வெறும் சாக்குகள் வாங்கி, கழுவி, காயவைத்து, முப்பது சாக்கை மடித்து என்னிடம் தந்தார். புதிய வீட்டுக்கு நிறம் பூசி முடியும் வரை அவர் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஒவ்வொரு நாளும் கேட்பார். வருகிற சனி, என்பேன். அந்தச் சனி மழை. அடுத்த சனி அலுவலகத்தில் ஒருவரின் பிரியாவிடை. மண்தானே, எங்கே போகப்போகிறது என்று நினைத்தேன்.

மூன்றாம் சனி கூலிக்கு இரண்டு பேரோடு போனேன். வீடு நின்ற இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஆழமான பள்ளம். வீட்டை வாங்கியவர்களின் இயந்திரம் வியாழக்கிழமையே வந்துவிட்டதாம். காவலுக்கு நின்றவரிடம் மண் எங்கே என்று சிங்களத்தில் கேட்டேன். லொறிகளில் ஏற்றி எங்கேயோ சதுப்பு நிலம் நிரப்பக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார். முப்பது வருட மண். அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். திட்டியிருப்பார், ஒரு வாரம் என்னோடு கதைக்காமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை.

கல்கிசைப் பக்கம் வீதியோரத்தில் பூச்சாடியும் மண்ணும் விற்கும் ஒருவரிடம் போனேன். கறுப்பாக இருந்தது. நகரத்துக் குப்பையில் செய்த பசளை கலந்த மண் என்றார். "ஹொந்தம எக, மஹத்தயா", இதுதான் திறமான மண் ஐயா, என்று உத்தரவாதமும் தந்தார். அவருடைய பைகளைப் பிரித்து, அக்கா கழுவித் தந்த சாக்குகளில் மண்வெட்டியால் அள்ளி நிரப்பினோம். நிரப்பும்போது மண்ணில் அங்கங்கே மினுங்கியது. கண்டேன். வாயைக் கட்டி லொறியில் ஏற்றினேன்.

அக்கா வாசலில் நின்று சாக்குகளை எண்ணி இறக்கினார். முதல் சாக்கைப் பிரித்து ஒரு பிடி எடுத்தார். முகர்ந்தார். விரல்களால் உதிர்த்தார். ஒரு கண்ணாடித் துண்டு உள்ளங்கையில் கிடந்தது. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எங்கட மண்தான். பார், இன்னும் கண்ணாடி கிடக்குது" என்றார்.

"ஓம் அக்கா. கொஞ்சம் ஆழமாக் கிண்டிப்போட்டாங்கள், அதுதான்" என்றேன்.

"ஓம். ஆழத்தில கிடந்திருக்கும்" என்று சொல்லி, எனக்குத் தேத்தண்ணி வைக்க உள்ளே போனார்.

அன்றைக்கு நான் நிம்மதியாக வீடு திரும்பினேன். அதை எழுதும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

கட்டுக்குள் கிடந்த இடிபாட்டை அள்ளிக் கொட்டிவிட்டு, அக்கா பழைய சட்டத்தை எடுத்து முதலிலிருந்து அரிக்கத் தொடங்கினார். முழங்காலும் கண்ணும் போன வயதில், ஒரு குட்டிக் கதிரையில் இருந்து, நாளுக்கு ஒரு வாளி. அரித்த மண்ணை நிரப்பி, மூலையில் புதிய குப்பைக் குவியலும் போட்டார். மணக்கிறது என்று மேல்மாடியில் இருந்தவர்கள் முறையிட்டபோது, சருகு கூட்டிப் போட்டு மணத்தை அடக்கிவிட்டு, முறையிட்டவர்களுக்கே முதல் வல்லாரைக் கட்டை அனுப்பினார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். குசினி யன்னலில் பழைய ஆறு போத்தல்களுக்குப் பக்கத்தில் ஏழாவது போத்தல் வந்திருந்தது. வாரம் வாரம் அது நிறைந்துகொண்டு வந்தது. நான் அதைப் பார்க்காதவன் போல் கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தேன்.

மண் வந்த ஏழாம் மாதம் வலது மோதிரவிரலில் வெட்டுக்காயம். கழுவித் துணி சுற்றிக்கொண்டாராம். சீனி வருத்தக்காரருக்கு நோவு தெரியாது. எனக்குச் செய்தி வரும்போது கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. வைத்தியசாலையில் முதலில் விரலை எடுத்தார்கள். நாலு நாள் கழித்துக் கையை எடுத்தார்கள். அதற்குள் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. தாமதமாகக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வைத்தியர் சொன்னார். கையை எடுத்த மறுநாள் அக்காவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. கட்டுப் போட்ட கையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இன்னும் நாலு சாக்கு கிடக்குது. நீ கையை வைக்காதை. மண்வெட்டியால அள்ளு" என்றார்.

"சரி அக்கா."

"கேட்டனியோ? கையை வைக்காதை."

என்னோடு அவர் கடைசியாகக் கதைத்தது அதுதான். மூன்றாம் நாள் போய்விட்டார். அக்காவுக்குப் பிள்ளை இல்லாததால் கனத்தைச் சுடலையில் கொள்ளி வைத்தவன் நான். அந்தக் கையால்தான் சாக்குகளின் வாயைக் கட்டினேன்.

மரண அறிவித்தலில் "திடீர் சுகவீனம்" என்று போட்டேன். அந்தியேட்டிக்கு என்று நாலு பக்கம் எழுதினேன். அதில் அக்கா பொறுமையின் இருப்பிடம், குடும்பத்தின் குலவிளக்கு. பிழைதிருத்தும் பிரதி வந்த அன்று, அக்காவின் வீட்டில் இருந்து அதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். செல்வராணி பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். அவள் கிராண்ட்பாஸிலிருந்து வந்து ஐந்து வருடமாக அக்காவுக்குச் சமைத்துக் கொடுத்தவள். அக்காவை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். "தம்பி பாடுபட்டுக் கொண்டுவந்து சேர்த்த சொந்த மண்ணிலேயே கடைசிவரை பயிர் செய்து மகிழ்ந்தார்" என்ற வரி வந்ததும் குழாயை நிறுத்தினாள்.

"ஐயா, அத எடுத்துருங்க."

"ஏன்?"

"அது அந்த மண்ணு இல்லன்னு அம்மாவுக்கு மொத நாளே தெரியும்."

நான் பிரதியை மேசையில் வைத்தேன். அவளே தொடர்ந்தாள். "நீங்க போனதும் என்னையக் கூப்புட்டு மோந்து பாருன்னாங்க. நம்ம மண்ணுல கண்ணாடி முடிஞ்சு எத்தன வருசம், தம்பி எங்கயோ வாங்கிட்டு வந்துருக்கான், ஆனா தெரியும்னு காட்டிக்காத, அவன் தாங்கமாட்டான்னு சொன்னாங்க."

"பிறகேன் அதை அரிச்சவ? தூக்கி எறிஞ்சிருக்கலாமே?"

"நானும் கேட்டேங்க. எந்த மண்ணா இருந்தா என்ன, குப்ப போட்டுப் போட்டு மூணு வருசத்துல நம்ம மண்ணா ஆக்கிப்புடலாம்னு சொன்னாங்க. தம்பி கொண்டாந்தத கொட்ட முடியுமான்னாங்க."

யன்னலில் ஆறாவது போத்தல் பாதியோடு நின்றது. பக்கத்தில் ஏழாவது நிறைந்து நின்றது. ஒரு பிள்ளைக்குக்கூட விளங்கும் கணக்கு. நான் நாலு பக்கத்தையும் கிழித்தேன். செல்வராணி மிச்சப் பாத்திரங்களைக் கழுவி முடித்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

அக்காவைக் கொன்றது நான் என்று எழுத வேண்டாம், விதி என்று எழுது என்கிறார் பெரியண்ணா. அப்படி எழுத என்னால் முடியவில்லை. வேறு விதமாகவும் எழுதத் தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். இதை வாசித்தபின் என்னோடு கதைக்க விருப்பமில்லாதவர்கள் கதைக்க வேண்டாம். நான் குறை நினைக்கமாட்டேன்.

இந்த ஒரு வருடமும் வேலை முடிந்து ஹெவ்லொக் டவுனுக்குத்தான் போகிறேன். மிச்சம் கிடந்த நாலு சாக்கையும் மண்வெட்டியால் அள்ளி அரித்தேன். அதன்பின் கட்டுக்குள் இருந்த மண் முழுவதையும் வெளியே எடுத்து மூன்று தரம் அரித்தேன். எட்டாவது போத்தலில் அடி மட்டும் மூடியிருக்கிறது. நாநாவின் மகன் இப்போது கடையைப் பார்க்கிறார். இலை ஒதுக்கி வைக்கிறார். குவியலைப் புரட்டுகிறேன், பிடித்துப் பிழிந்து பார்க்கிறேன். அக்கா அலுமாரியில் வைத்த கையுறையைப் போட்டுக்கொண்டுதான் செய்கிறேன். அவர் சொன்னது சரி, ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொன்ன மூன்று வருடத்தில் அவருடையது ஏழு மாதம், என்னுடையது ஒரு வருடம். மண் இன்னும் முழுதாக உடம்பு வைக்கவில்லை. போன மாதம் இரண்டு மண்புழு கண்டேன்.

அக்காவைத் தங்கள் தாயைப் போல் பார்த்த தாதியர், முயன்று பார்த்த வைத்தியர்கள், வீட்டிலும் கனத்தையிலும் கூட நின்ற ஒழுங்கைச் சனம், கிரியைகளைச் செய்துதந்த ஐயர், தூர தேசங்களிலிருந்து தொலைபேசியில் அழுதவர்கள், மனமில்லாவிட்டாலும் இதைப் பிழைதிருத்தித் தந்த பெரியண்ணா, எல்லாருக்கும் கைகூப்பி நிற்கிறேன். செல்வராணிக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. உண்மையைச் சொன்னாள், பிறகும் எனக்குச் சோறு போட்டாள்.

வழக்கமாக மலரோடு ஒரு சில்வர் பாத்திரம் கொடுப்போம். இம்முறை ஒரு சிறு துணிப்பை. அதில் இருப்பது அக்கா ஏழு மாதம் அரித்து, குப்பை போட்டு, உடம்பு வைக்கப் பார்த்த மண். செத்தவீட்டு மண் என்று யோசிப்பவர்கள் வாங்க வேண்டாம். வாங்குபவர்கள் ஒரு சாடியில் போட்டு ஏதாவது ஒன்றை நடுங்கள். நான் அதை மூன்று தரம் அரித்திருக்கிறேன். ஆனாலும் நான் சொன்னேன் என்று நம்பிவிடாதீர்கள். கையை வைக்குமுன் நீங்களும் ஒருதரம் அரித்துப் பாருங்கள்.

அக்காவின் தம்பி